ஏற்றிய குருத்துக்கலம் எங்கே போனது?

எலியின் பழுதடைந்த இதயத் தசைக்குள் 10 இலட்சம் குருத்துக்கலங்களை ஊசியால் ஏற்றுகிறோம். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் இதயம் முன்னைவிட நன்றாகச் சுருங்குகிறது. ஏற்றிய கலங்கள் தசைக்கலங்களாக மாறிவிட்டனவா? மாறாமல் அங்கேயே இருந்து உதவும் பொருட்களைச் சுரந்தனவா? அல்லது இரண்டு மூன்று நாட்களிலேயே செத்துப்போய், அதனால் கிளம்பிய அழற்சிதான் இந்த மாற்றத்தைத் தந்ததா? சுருக்கத்தை மட்டும் அளந்தால் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும். நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும் உதவாது. ஏற்றிய கலத்துக்கும் எலியின் சொந்தக் கலத்துக்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லை. ஆகவே ஏற்றுவதற்கு முன்பே கலங்களில் ஏதாவதோர் அடையாளத்தை வைக்க வேண்டும், பிறகு அதைத் தேடிப் போக வேண்டும்.

கொழும்பில் உயர்தர உயிரியல் முடித்தவர்களையும், கின்சி வீதி மருத்துவ பீடத்துக்கோ விஞ்ஞான பீடத்துக்கோ புதிதாக வந்திருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். கலம், இழையம், நிறமூர்த்தம், தின்குழியம் எனப் பாடசாலையில் படித்த சொற்களே இங்கும் வரும். ஸ்டெம் செல்லைக் குருத்துக்கலம் என்கிறோம். தண்டுக்கலம், குருத்தணு என்று எழுதுவோரும் உண்டு.

மையும் கன்னக்குழியும்

தேர்தல் நாளில் வாக்களித்துவிட்டு வெள்ளவத்தையில் காலி வீதி வழியே நடந்து வருபவர்களின் சின்னி விரலைப் பாருங்கள். மை பூசியிருக்கும். யார் வாக்களித்தார் என்று உடனே தெரியும். நகம் வளர வளர அந்த மை போய்விடும். அவருக்குப் பிறக்கப்போகும் பிள்ளையின் விரலில் அது இருக்காது. நேரடி அடையாளம் இப்படிப்பட்டது. சாயத்தையோ இரும்புத் துணிக்கையையோ கதிர்வீசும் சமதானியையோ கலத்துக்குள் வைத்துவிடுகிறோம். செய்வது எளிது, ஒரே நாளில் முடியும். ஆனால் கலம் பிரியும்போதெல்லாம் அடையாளம் இரண்டு மகட்கலங்களுக்கும் பாதி பாதியாகப் போகும். ஐந்து தடவை பிரிந்தால் ஒவ்வொரு கலத்திலும் 32இல் ஒரு பங்கு, ஏழு தடவை பிரிந்தால் 128இல் ஒரு பங்கு. வேகமாகப் பிரியும் கலங்களில் இரண்டு வாரத்தில் அடையாளம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடலாம். கலங்கள் உயிரோடு பெருகிக்கொண்டிருக்க, படம் மட்டும் வெறுமையாக இருக்கும்.

மற்ற வகை, தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் கன்னக்குழி போன்றது. ஒளிரும் புரதத்தை உண்டாக்கும் பரம்பரையலகு ஒன்றைக் கலத்தின் டி.என்.ஏ.க்குள் செருகுகிறோம். கலம் பிரிந்தால் அந்த அலகும் இரட்டித்துப் பிள்ளைக் கலங்களுக்குப் போகும், மங்காது. கலம் செத்தால் புரத உற்பத்தியும் நின்றுவிடும்.

மூன்றாவது வழியில் எதையும் பூசவோ செருகவோ தேவையில்லை, இயற்கையே வைத்த வேறுபாட்டைப் பயன்படுத்தலாம். 1969இல் நிக்கோல் லெ துவாரின் என்ற பிரெஞ்சு முளையவியலாளர் காடையின் முளையக் கலங்களைக் கோழி முளையத்தில் பதித்தார். காடைக் கலத்தின் கருவில் நிறப்பொருள் ஓரிடத்தில் திரண்டு நிற்கும், கோழியில் அப்படி நிற்பதில்லை. சாயமேற்றிய வெட்டுமுகத்தில் எந்தக் கலம் எங்கிருந்து வந்தது என்று நேராகப் பார்க்க முடிந்தது. இன்று ஆண் விலங்கின் கலத்தைப் பெண் விலங்குக்குக் கொடுத்து வை நிறமூர்த்தத்தைத் தேடுகிறார்கள். மனிதக் கலத்தைச் சுண்டெலிக்குக் கொடுத்தால், மனிதக் கருவோடு மட்டும் ஒட்டும் பிறபொருளெதிரியால் கண்டுபிடிக்கிறார்கள். மிகவும் நம்பகமான வழி இதுதான் என்பது எங்கள் கருத்து. குறை என்னவென்றால், விலங்கு உயிரோடு இருக்கும்போது பார்க்க முடியாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. 5 மைக்ரோமீற்றர் தடிப்பில் இழையத்தை வெட்டினால் பல கருக்கள் குறுக்கே வெட்டுப்படும், அவற்றின் வை நிறமூர்த்தம் வேறு துண்டோடு போயிருக்கும். எனவே முழுக்க ஆண் இழையத்திலும் எல்லாக் கருவிலும் வை தெரியாது. ஆண் இழையத்தில் எத்தனை வீதம் தெரிகிறது என்று முதலில் எண்ணி, அந்த அளவால் திருத்திய பிறகே பெண் விலங்கின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும்.

மென்சவ்வுச் சாயம்: சில செக்கன்களில் வெல்வதும் தோற்பதும்

தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் முதலில் கையாள்வது பி.கே.எச். 26, டி.ஐ.ஐ. போன்ற கொழுப்பில் கரையும் சாயங்களை. நீண்ட கொழுப்பு வால் கலமென்சவ்வுக்குள் செருகிக்கொள்ளும், ஒளிரும் தலை வெளியே நிற்கும். பி.கே.எச். 26க்கு வழக்கமான இறுதிச் செறிவு 2 மைக்ரோமோலர்.

முதலில் கலங்களைச் சீரம் இல்லாத ஊடகத்தில் கழுவுங்கள். சீரத்தில் உள்ள புரதமும் கொழுப்பும் சாயத்தைத் தமக்கே எடுத்துக்கொள்ளும். 400 ஜியில் 5 நிமிடம் மையநீக்கியில் சுற்றி, மேல்நீரை ஏறத்தாழ முழுவதுமாக உறிஞ்சி எடுங்கள். சாயத்தோடு வரும் உப்பில்லாக் கரைப்பானில் கலங்களைக் கலந்து தொங்கலாக்குங்கள். உப்பு இருந்தால் சாயம் திரண்டு கட்டியாகும், அந்தக் கட்டிகள் பிறகு கலம்போலவே ஒளிரும். இரட்டைச் செறிவில் தனியாகத் தயாரித்த சாயக் கரைசலோடு சம கனவளவு கலத் தொங்கலைச் சேர்த்து உடனே பிப்பெட்டால் கலக்குங்கள். சாயம் செக்கன்களில் ஒட்டிவிடும். மெதுவாகச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் தொட்ட கலங்கள் அளவுக்குமேல் குடித்துச் சாகும், பிந்தியவை வெறுமையாக நிற்கும். 5 நிமிடத்துக்கு மேல் வைக்காமல் சம கனவளவு சீரம் சேர்த்து நிறுத்துங்கள். பிறகு மூன்று தடவை கழுவ வேண்டும். முதல் கழுவலிலேயே புதிய குழாய்க்கு மாற்றுங்கள், ஏனெனில் பழைய குழாயின் சுவரில் சாயம் ஒட்டியிருக்கும்.

செய்முறைத் தாளில் ‘அறை வெப்பநிலை’ என்று இருந்தால் அது 20 முதல் 25 பாகை செல்சியஸ். கொழும்பில் குளிரூட்டி நின்றுபோன அறை 30 பாகையைத் தொடும். ஒரு நாள் 22, மறுநாள் 30 என்று வேலை செய்தால் கலங்கள் எடுக்கும் சாயத்தின் அளவும் நாளுக்கு நாள் மாறும், பிறகு இரண்டு நாட் கூட்டங்களை ஒப்பிட முடியாது. நீர்த்தொட்டியில் வெப்பநிலையை நிலைப்படுத்திக்கொள்ளுங்கள். எமது ஈரக்காற்றில் இன்னொரு கவனமும் வேண்டும். குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்த சாயக் குப்பியை உடனே திறக்கக் கூடாது. எதனோலில் கரைத்த சாயம் காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொள்ளும். குப்பி அறைச்சூட்டுக்கு வந்து, வெளியே படிந்த நீர்த்துளிகளைத் துடைத்த பிறகு திறவுங்கள்.

இந்தச் சாயங்களை ஏற்றிய இழையத்தைப் பரபின் மெழுகில் பதித்தால் வேலை வீணாகும். அந்த வழியில் பயன்படும் மதுசாரமும் சைலீனும் மென்சவ்வுக் கொழுப்பைக் கரைத்து, சாயத்தையும் கொண்டுபோய்விடும். உறைவெட்டு எடுங்கள். பிறபொருளெதிரி ஏற்றும்போது டிரைற்றன் போன்ற சவர்க்காரங்களையும் தவிருங்கள்.

இரும்பு

உயிருள்ள விலங்கிலும், ஏன் மனிதரிலும்கூடக் கலத்தைப் பார்க்க எம்.ஆர்.ஐ. உதவுகிறது. அதற்கு இரும்பு ஒட்சைட்டு நுண்துணிக்கைகளைக் கலத்துக்குள் வைக்கிறார்கள். இரும்பு சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைக்கும், படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். குருதி ஏற்றிவரும் தலசீமியா நோயாளர்களின் ஈரலும் இதயமும் எம்.ஆர்.ஐ.யில் கறுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே மருத்துவர்கள் அளப்பதும் இதே விளைவைத்தான்.

பெருமொக்சிற்றோல் என்பது நாட்பட்ட சிறுநீரக நோயில் வரும் இரும்புக் குறைபாட்டுக் குருதிச்சோகைக்கு 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. தனியே விட்டால் குருத்துக்கலம் அதை அதிகம் எடுக்காது. ஹெப்பாரின், புரோட்டமின் என்ற வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்தால் மூன்றும் தாமாகவே கூடி நுண்கூட்டாகின்றன. ஹெப்பாரினும் இரும்புத் துணிக்கையின் மேலுறையும் மறையேற்றம் கொண்டவை, புரோட்டமின் நேரேற்றம் கொண்டது. அதுதான் இங்கே பசை. 2012இல் வெளியான இந்த முறையின் அளவுகள்: ஒரு மில்லிலீற்றருக்கு ஹெப்பாரின் 2 அலகு, புரோட்டமின் 60 மைக்ரோகிராம், பெருமொக்சிற்றோல் 50 மைக்ரோகிராம்.

75 சதுர சென்ரிமீற்றர் வளர்ப்புக் குடுவைக்கு 10 மில்லிலீற்றர் ஊடகம் என்று கணக்குப் போடுவோம். பெருமொக்சிற்றோல் மில்லிலீற்றருக்கு 30 மில்லிகிராம் செறிவில் வரும், அதில் ஏறத்தாழ 17 மைக்ரோலீற்றர். மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் புரோட்டமினில் 60 மைக்ரோலீற்றர். மில்லிலீற்றருக்கு 1000 அலகு ஹெப்பாரினில் 20 மைக்ரோலீற்றர். ஊடகம் சீரம் இல்லாததாக இருக்க வேண்டும். சீரத்தின் அல்புமினும் மறையேற்றம் கொண்டது, புரோட்டமினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு மணித்தியாலம் கழித்து, சீரம் சேர்த்த ஊடகத்தைச் சம கனவளவு விட்டு இரவு முழுவதும் 37 பாகையில் வையுங்கள். காலையில், மில்லிலீற்றருக்கு 10 அலகு ஹெப்பாரின் கலந்த தாங்கல் உப்புக்கரைசலால் கழுவுங்கள். கலத்தின் வெளியே ஒட்டிநிற்கும் கூட்டுகளை ஹெப்பாரின் கரைத்துவிடும். இந்தக் கழுவலைச் சுருக்கினால் வெளியே ஒட்டிய இரும்பும் கலங்களோடு உடலுக்குள் போகும். அதை விலங்கின் தின்குழியங்கள் முதல் நாளே விழுங்கும்.

ஏற்றுவதற்கு முன் கண்ணாடித் தகட்டில் சோதிக்க வேண்டும். பொற்றாசியம் பெரோசயனைட்டும் ஐதரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த பிரசிய நீலச் சாயத்தில் 20 முதல் 30 நிமிடம் வைத்தால் இரும்புள்ள கலத்தில் நீலப் புள்ளிகள் தெரியும். நூறு கலங்களை எண்ணி, எத்தனையில் நீலம் இருக்கிறது என்று குறியுங்கள். செத்த கலங்களை மட்டும் நீலமாக்கும் திரிபன் நீலத்தால் உயிருள்ளவற்றையும் எண்ணுங்கள். உயிருள்ளவை 90 வீதத்துக்குக் குறைந்தால் அந்தக் கூட்டத்தை விலங்குக்குக் கொடுப்பதில் அர்த்தமில்லை. கலம் ஒன்றில் 10 பிகோகிராம் இரும்பு என்று வைத்தால் 10 இலட்சம் கலங்களில் மொத்தம் 10 மைக்ரோகிராம்தான். வளர்ந்த மனித உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு. நஞ்சாகுமோ என்று முதலில் எல்லோரும் கேட்பார்கள். மொத்த அளவைப் பார்த்தால் அது பெரிய கேள்வியல்ல.

பெரிய கேள்வி, அடையாளம் கலத்தின் குணத்தை மாற்றுகிறதா என்பது. 2004இல் வெளியான ஆய்வொன்றில் என்பு மச்சையில் இருந்து எடுத்த, மெசென்கைமல் எனப்படும் இடைநுதற்படைக் குருத்துக்கலங்களுக்கு இரும்பு ஏற்றினார்கள். அவை கொழுப்பாகவும் என்பாகவும் வழமைபோல் மாறின, கசியிழையமாக மட்டும் மாறவில்லை. முழங்கால் கசியிழையத்தைத் திருத்தும் ஆய்வில் இதைக் கவனிக்காமல் விட்டால், சிகிச்சை பயனற்றது என்று எழுதிவிடுவோம். உண்மையில் குற்றம் அடையாளத்தில் இருக்கும். ஆகவே அடையாளமிட்ட கலம், இடாத கலம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மூன்று வாரம் வளர்த்து, எந்த இழையத்துக்காக ஏற்றப் போகிறோமோ அந்த மாற்றத்தைச் சோதித்த பிறகுதான் விலங்கைத் தொட வேண்டும். நேரம் இல்லை என்று இந்தப் படியைத் தாண்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

செத்தவரின் அடையாள அட்டை

எந்த அடையாளத்தைத் தெரிவு செய்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கலம் செத்தால் அடையாளம் எங்கே போகும்?

ஒருவர் இறந்துவிட்டார், அவருடைய அடையாள அட்டை வேறொருவரின் சட்டைப் பையில் இருக்கிறது. அட்டையை மட்டும் பார்ப்பவர் அவர் உயிரோடு நடமாடுகிறார் என்றே பதிவார். நேரடி அடையாளங்களில் இது நாள்தோறும் நடக்கிறது. ஏற்றிய கலங்களில் பெரும்பகுதி முதல் சில நாட்களில் சாவது வழமை. அவற்றைத் தின்குழியங்கள் விழுங்கும். இரும்பு செரியாது, சாயமும் உடனே அழியாது. எலி இதயத்தில் செய்த ஆய்வுகளில், ஏற்றிய கலங்கள் செத்துப் பல நாட்களுக்குப் பிறகும் எம்.ஆர்.ஐ.யில் கறுப்புப் புள்ளி அதே இடத்தில் நின்றது. வெட்டிப் பார்த்தபோது இரும்பு இருந்தது எலியின் தின்குழியங்களுக்குள். உடைந்த குருதிக்கலனில் கசிந்த குருதியும் அதே கறுப்பைத் தரும். ஊசி குத்திய இடத்தில் அது எப்போதும் கொஞ்சம் இருக்கும்.

டி.என்.ஏ.க்குள் சேரும் பி.ஆர்.டி.யூ. போன்ற அடையாளங்களும் தப்பவில்லை. அவற்றை ஏற்றிய கலங்கள் செத்தால், சிதைந்த டி.என்.ஏ.யின் துண்டுகளைப் பக்கத்தில் பிரிந்துகொண்டிருக்கும் விருந்தோம்பிக் கலங்கள் எடுத்துத் தம் டி.என்.ஏ.யில் சேர்த்துக்கொள்கின்றன. 2006இல் இது மூளையில் காட்டப்பட்டது. கொன்று ஏற்றிய கலங்களில் இருந்தே அடையாளம் விலங்கின் நரம்புக் கலங்களுக்குப் போயிருந்தது. ‘குருத்துக்கலம் நரம்பாக மாறியது’ என்ற முடிவை அந்த அடையாளம் ஒன்றை மட்டும் வைத்து எழுதியிருந்தால் அதைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இதற்கான மருந்து எளிது, மலிவும்கூட. அடையாளமிட்ட கலங்களில் ஒரு பகுதியை மூன்று தடவை உறையவைத்து உருக்கிக் கொன்று, அதே எண்ணிக்கையை வேறொரு கூட்ட விலங்குகளுக்கு ஏற்றுங்கள். நான்காம் வாரத்தில் உயிருள்ள கலம் பெற்ற கூட்டமும் செத்த கலம் பெற்ற கூட்டமும் ஒரே மாதிரி ஒளிர்ந்தால், அந்த ஒளியால் எதையும் நிறுவ முடியாது. வெட்டுமுகத்தில் தின்குழியத்துக்கான பிறபொருளெதிரியையும் சேர்த்து ஏற்றி, அடையாளம் யாருக்குள் இருக்கிறது என்று பாருங்கள்.

பரம்பரையலகு அடையாளங்கள் இந்தப் பொறியில் விழுவது குறைவு. மின்மினியின் லூசிபரேசு நொதியம் ஒளிர லூசிபெரின், ஒட்சிசன், ஏ.டி.பி. மூன்றும் தேவை. செத்த கலத்தில் ஏ.டி.பி. இல்லை, ஒளியும் இல்லை. சுண்டெலிக்கு லூசிபெரின் அளவு வழக்கமாக உடல்நிறையில் கிலோகிராமுக்கு 150 மில்லிகிராம். 20 கிராம் எலிக்கு 3 மில்லிகிராம், அதாவது மில்லிலீற்றருக்கு 15 மில்லிகிராம் கரைசலில் 200 மைக்ரோலீற்றர் வயிற்றறைக்குள். 10 முதல் 20 நிமிடத்தில் ஒளி உச்சத்தைத் தொடும். ஒரு நாள் 8ஆம் நிமிடம், மறுவாரம் 25ஆம் நிமிடம் என்று படமெடுத்தால் கலம் பெருகியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது. கறுப்பு மயிர் ஒளியை விழுங்கும், வழித்துவிடுங்கள். ஆழமும் தடைதான். ஒவ்வொரு சென்ரிமீற்றர் இழையத்திலும் ஒளி ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைவதால் இந்த வழி சிறு விலங்குகளோடு நின்றுவிடுகிறது.

பச்சை ஒளிர்வுப் புரதமான ஜி.எஃப்.பி.க்காக ஷிமோமுரா, சால்ஃபி, ட்சியென் மூவருக்கும் 2008இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அழகான கருவி. ஆனால் இதயம், ஈரல் போன்ற இழையங்கள் தாமாகவே பச்சையாக மினுங்கும். ஜி.எஃப்.பி. கண்டேன் என்று சொல்வதற்கு முன் சிவப்பு வடிகட்டியிலும் அதே இடத்தைப் பாருங்கள். அங்கும் ஒளிர்ந்தால் அது இழையத்தின் சொந்த மினுக்கம்.

இந்த அலகுகளை லென்டிவைரசு வழியாகச் செருகுவது வழமை. அவை அமரும் இடம் எம் கையில் இல்லை. பிரான்சில் நிர்ப்பீடனக் குறைபாட்டுக் குழந்தைகளுக்குச் செய்த பரம்பரையலகுச் சிகிச்சையில், வேறு வகை ரெட்ரோவைரசு காவி புற்றைத் தூண்டும் அலகொன்றின் அருகே அமர்ந்ததால் சிலருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. ஆய்வுகூட எலிக்கு இது சிறிய ஆபத்து, நோயாளிக்கு அப்படியல்ல. குருத்துக்கலம் புகுத்திய அலகை வாயடைக்கவும் செய்யும். அலகை இயங்கவைக்கும் டி.என்.ஏ. பகுதியை ஊக்கி என்கிறோம். சைற்றோமெகலோ வைரசின் ஊக்கியை வைத்தால் வாரங்களில் ஒளி அணைந்துபோகலாம், கலம் உயிரோடுதான் இருக்கும். ஈ.எஃப். 1 அல்பா, பி.ஜி.கே. ஊக்கிகள் நிலைத்து நிற்பவை. அத்தோடு ஜி.எஃப்.பி. விலங்குக்கு அந்நியப் புரதம். நிர்ப்பீடனம் முழுமையாக உள்ள விலங்கில் அடையாளமே கலத்தைக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்துவிடலாம்.

கலம் கலத்தோடு இணைவதும் உண்டு. 2002இல் இரண்டு ஆய்வுகள் என்பு மச்சைக் கலமும் நரம்பு முன்னோடிக் கலமும் முளையக் குருத்துக்கலத்தோடு வளர்ப்புத் தட்டில் ஒன்றாகிவிடுவதைக் காட்டின. இணைந்த கலத்தில் ஒருவரின் அடையாளமும் மற்றவரின் குணமும் சேர்ந்து நிற்கும், மாறிவிட்டதுபோலத் தோன்றும். ஒரு கருவில் எத்தனை நிறமூர்த்தங்கள் என்று எண்ணினால்தான் பிடிபடும்.

முதல் மணித்தியாலம்

கதிர்வீசும் அடையாளம் குறுகிய காலக் கேள்விக்கு உரியது. தெக்னீசியம் 99எம்மின் அரைவாழ்வுக் காலம் 6 மணித்தியாலம், இந்தியம் 111இன் காலம் 2.8 நாள், சேர்க்கோனியம் 89இன் காலம் 78 மணித்தியாலம். நாளத்தின் வழியே கொடுத்த இடைநுதற்படைக் குருத்துக்கலங்களில் பெரும்பகுதி முதல் மணித்தியாலங்களில் நுரையீரலில் சிக்குவதை இவைதான் தெளிவாகக் காட்டின. கலத்தின் விட்டம் 15 முதல் 30 மைக்ரோமீற்றர், நுரையீரல் மயிர்க்குழாய்கள் 10 மைக்ரோமீற்றருக்கும் ஒடுக்கமானவை. பிறகு ஈரலிலும் மண்ணீரலிலும் கதிர்வீச்சு கூடும். அதில் எவ்வளவு கலம், எவ்வளவு கசிந்த சமதானி என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எந்த முறையானாலும் ஏற்றிய ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் படத்தை எடுத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் நான்காம் வாரத்து வெறுமைக்கு இரண்டு காரணம் சொல்லலாம்: கலம் செத்தது, அல்லது ஊசி முதலிலேயே வேறிடத்தில் இறங்கியது. மூளைக்குள் நிமிடத்துக்கு 1 மைக்ரோலீற்றருக்கு மேல் தள்ளாமல், முடிந்த பின் 5 நிமிடம் ஊசியை அப்படியே வைத்திருந்து மெதுவாக எடுத்தால் கலங்கள் ஊசிப் பாதை வழியே திரும்பி வருவது குறையும்.

மனிதரில் இதன் பெறுமதியைக் காட்டிய ஆய்வு 2005இல் நெதர்லாந்தில் இருந்து வந்தது. குருத்துக்கலம் அல்ல, தோற்புற்று நோயாளிகளின் நிர்ப்பீடனக் கலங்கள். இரும்பும் இந்தியமும் ஏற்றி, அனுபவமுள்ள கைகள் கழியொலிப் படத்தைப் பார்த்தபடியே நிணநீர்க் கணுவுக்குள் செலுத்தின. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது எட்டு நோயாளிகளில் நால்வருக்குக் கலங்கள் கணுவுக்குள் இல்லை. பக்கத்து இழையத்தில் கிடந்தன.